ஒரு கால் செருப்பும் பத்து மாத வேலைநிறுத்தமும்

ஜப்பானில் ஒரு செருப்புக் கம்பெனி. தொழிலாளர்களுக்கு முதலாளி மேல் கோபம். ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. இடது கால் செருப்பை மட்டும் தயாரித்துக் குவித்தார்கள். கோரிக்கை நிறைவேறியதும் அதே வேகத்தில் வலது கால் செருப்பையும் செய்து கொடுத்துவிட்டார்கள். இந்தக் கதையைக் கேட்காமல் தமிழ்நாட்டில் வளர்வது கஷ்டம். பட்டிமன்ற மேடை, பள்ளி ஆண்டு விழா, தன்னம்பிக்கைப் பேச்சு, இப்போது குடும்ப வாட்ஸப் குழு. எந்தக் கம்பெனி, எந்த ஊர், எந்த வருடம் என்று யாரும் சொல்வதில்லை. கதையின் நீதி மட்டும் மாறுவதே இல்லை: குண்டு விழுந்து சாம்பலான நாடு இருபதே வருடத்தில் எழுந்து நின்றது, ஏனென்றால் அங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை.

நான் சில வருடங்கள் டோக்கியோவில் மென்பொருள் வேலை பார்த்தேன். அந்த நாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்ததும் முதலில் உடைந்து விழுந்தது இந்தச் செருப்புக் கதைதான். ஜப்பான் பணக்கார நாடாகத் தொடங்கிய பத்து வருடம், தோராயமாக 1955 முதல் 1964 வரை, அங்கே ஜனங்கள் தெருவில் நின்ற காலமும்கூட. 1960 ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் ஏறத்தாழ பத்து மாத வேலைநிறுத்தம். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தைச் சுற்றி லட்சக்கணக்கில் கூட்டம். அமெரிக்க அதிபரின் வருகை ரத்து. பிரதமர் ராஜினாமா, கிளம்புகிற நேரத்தில் அவர் தொடையில் கத்திக்குத்து. அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர் மேடையிலேயே கொலை. இத்தனையும் முடிந்து டிசம்பர் 27 அன்று, பத்து வருடத்தில் நாட்டின் வருமானத்தை இரண்டு மடங்காக்கும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அந்தக் கொடிகளுக்கும் இந்தத் திட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது என் வாதம். கொடி பிடிக்காததால் வந்த செல்வம் இல்லை அது. கொடி பிடித்தவர்களைப் பார்த்து ஆட்சியாளர்கள் பயந்து போட்ட பேரத்தில் வந்தது. அந்தப் பேரத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாரைக் கூப்பிடவே இல்லை என்பதுதான் விஷயம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1950 ஜூன் மாதம் கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்கப் படைக்கு லாரி, மூட்டை, துணி, பழுதுபார்க்கும் வேலை எல்லாம் பக்கத்திலிருந்த ஜப்பானில் கிடைத்தது. டொயோட்டா அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. ஆட்குறைப்பு, அதை எதிர்த்து வேலைநிறுத்தம் (ஆமாம், டொயோட்டாவில்தான்), கடைசியில் நிறுவனர் டொயோடா கிச்சிரோ பதவி விலகினார். அவர் விலகிய அதே மாதத்தில்தான் போர் தொடங்கியது. ராணுவ லாரி ஆர்டர் வந்து கம்பெனி பிழைத்தது. அண்டை நாடு எரிந்த வெளிச்சத்தில் ஜப்பானின் அடுப்பு பற்றியது என்று சொன்னால் மேடையில் கைதட்டல் விழாது, ஆனால் நடந்தது அதுதான்.

1956 ஜூலையில் வந்த அரசின் பொருளாதார அறிக்கை, 'போருக்குப் பிந்தைய காலம் முடிந்துவிட்டது' என்று எழுதியது. எல்லோரும் இதை வெற்றி முழக்கமாக மேற்கோள் காட்டுவார்கள். அடுத்த வரிகளைப் படித்தால் அது ஓர் எச்சரிக்கை. இடிந்ததைக் கட்டியதால் வந்த வளர்ச்சி இத்தோடு தீர்ந்தது, இனிமேல் நவீனமானால்தான் வளர முடியும் என்கிறது.

அரசியலும் அதே நேரத்தில்தான் ஒரு வடிவத்துக்கு வந்தது. 1955 அக்டோபரில் பிரிந்து கிடந்த சோசலிஸ்ட் கட்சி ஒன்றானது. பயந்துபோன தொழிலதிபர்கள் நெருக்க, நவம்பரில் இரண்டு பழமைவாதக் கட்சிகள் சேர்ந்து லிபரல் டெமாக்ரடிக் கட்சி ஆயின. அப்போது உட்கார்ந்த அந்தக் கட்சி 1993 வரை எழுந்திருக்கவில்லை. ஆனால் 1955இல் யாருக்கும் இது தெரியாது. இடதுசாரிகள் இன்றோ நாளையோ ஆட்சிக்கு வந்துவிடுவார்கள் என்றுதான் இரண்டு பக்கமும் நம்பியது. சாதாரண ஜனங்களும் சும்மா இல்லை. 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டு சோதித்தபோது ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. அதில் இருந்த ஒருவர் செப்டம்பரில் இறந்தார். மீன் வாங்கவே பயம். டோக்கியோவின் சுகினாமி பகுதியில் இல்லத்தரசிகள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். 1955 ஆகஸ்டுக்குள் நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் கையெழுத்து சேர்ந்துவிட்டது.

சரி, இந்தப் பத்து வருடத்தில் வீட்டுக்குள் என்ன மாறியது? அதைப் பார்க்க வேண்டுமானால் சிபா மாகாணத்தில் மட்சுடோ நகர அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1960இல் திறந்த டோகிவாடைரா குடியிருப்பின் ஒரு வீட்டை அப்படியே உள்ளே கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வகைக் குடியிருப்புக்கு அங்கே 'டாஞ்சி' என்று பெயர். 1955இல் தொடங்கிய அரசு வீட்டு வசதிக் கழகம் கட்டியவை. நம்மூர் ஹவுசிங் போர்டு வீடு மாதிரிதான்: வரிசையாக ஒரே அச்சில் வார்த்த நான்கைந்து மாடிக் கட்டடங்கள். ஆனால் அன்றைய ஜப்பானியருக்கு அது கனவு. இரண்டு சின்ன அறை, ஒரு சமையலறை, அதிலேயே சாப்பாட்டு மேசை. பகலில் சாப்பிடுகிற இடத்திலேயே ராத்திரி பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு, சாப்பிட ஓர் இடம், படுக்க ஓர் இடம் என்று ஆனது. கதவைச் சாத்திப் பூட்டினால் மாமியார் இல்லை, வீட்டுக்காரர் இல்லை. குலுக்கலில் வீடு கிடைக்கத் தவம் கிடந்தார்கள். 1960 செப்டம்பரில் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவும் மிச்சிகோவும் ஹிபாரிகவோகா டாஞ்சிக்கு வந்து பால்கனியில் நின்று பார்த்தார்கள் என்றால், அந்த வீட்டுக்கு இருந்த மவுசு புரியும்.

அந்த அருங்காட்சியக வீட்டில் நான் அதிக நேரம் நின்றது வாஷிங் மெஷின் முன்னால். உயரம் இடுப்பளவு. பக்கத்தில் இரண்டு ரப்பர் உருளை, ஒரு கைப்பிடி. துவைத்த துணியை உருளைகளுக்கு நடுவே கொடுத்துக் கையால் சுற்றிப் பிழிய வேண்டும். கருப்பு வெள்ளை டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றையும் சேர்த்து 'மூன்று புனிதப் பொக்கிஷங்கள்' என்று அன்று அழைத்தார்கள். அரச வம்சத்தின் கண்ணாடி, வாள், மணிக்கல் ஆகிய மூன்றை வைத்துச் செய்த கேலி. தெய்வப் பிறவி என்று பத்து வருடத்துக்கு முன் கும்பிட்ட சக்கரவர்த்தியின் சின்னங்களை வாஷிங் மெஷினோடு சேர்த்துச் சிரிக்க முடிந்தது என்பதே ஒரு பெரிய அரசியல் மாற்றம்தான்.

அரண்மனையும் சளைக்கவில்லை. 1959 ஏப்ரல் 10 அன்று இளவரசர் மணந்த மிச்சிகோ ஒரு மாவு மில் கம்பெனித் தலைவரின் மகள், அரச குலம் இல்லை. டென்னிஸ் ஆட்டத்தில் சந்தித்த காதல் கல்யாணம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஊர்வலத்தைப் பார்க்கவே ஜனங்கள் டிவி வாங்கினார்கள். அந்த மாதத்தில் டிவி உரிமம் 20 லட்சத்தைத் தாண்டியது. மூன்றே வருடத்தில் அது ஒரு கோடி. 1954இல் ஷிம்பாஷி ரயில் நிலையத்துக்கு வெளியே வைத்த பொது டிவியில் ரிகிடோசானின் மல்யுத்தத்தைக் கழுத்தை எக்கிப் பார்த்த கூட்டம், இப்போது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. (அமெரிக்க மல்லர்களை அடித்து ஜப்பானின் மானத்தை மீட்டவராகப் போற்றப்பட்ட ரிகிடோசான், பிறப்பால் கொரியர். அதை அவர் மறைத்தே வைத்திருந்தார்.)

டோக்கியோவில் நிஷி கசாய் என்று ஒரு பகுதி. இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கிற இடம், நானும் அங்கேதான் இருந்தேன். அந்தப் பழைய வீட்டு வசதிக் கழகத்தின் வாரிசு நிறுவனம் பிற்காலத்தில் கட்டிய குடியிருப்புகள் அங்கே உண்டு. தனியார் வீடு தேடினால் ஜாமீன் கையெழுத்து வேண்டும், வீட்டுக்காரருக்குத் திருப்பித் தராத 'நன்றிப் பணம்' வேண்டும். சில இடங்களில் வெளிநாட்டுக்காரர் என்றாலே கதவு திறக்காது. இங்கே இது எதுவும் இல்லை. ஐடி வேலைக்கு வந்த தமிழர்களும் தெலுங்கர்களும் அங்கே குவிந்ததற்குக் காரணம் இதுதான்.

என் தளத்திலேயே ஒரு பாட்டி தனியாக இருந்தார். வடக்கே அவோமோரி பக்கத்துக் கிராமம். பதினைந்து வயதில், நடுநிலைப் பள்ளி முடித்த கையோடு, மற்ற பிள்ளைகளுடன் ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். இதைக் 'கூட்டு வேலைவாய்ப்பு' என்பார்கள். வசந்த காலத்தில் வடக்கிலிருந்து தனி ரயில்கள் உயெனோ நிலையத்துக்கு வரும். கையில் கொடி பிடித்த ஆசிரியர் பின்னால் பிள்ளைகள் இறங்குவார்கள், கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் பெயர் பார்த்து அழைத்துப் போவார்கள். கூலி குறைவு, சொன்ன பேச்சு கேட்பார்கள். அதனால் அவர்களுக்குத் 'தங்க முட்டை' என்று பட்டம். பாட்டி போனது டிரான்சிஸ்டர் ரேடியோ பற்றவைக்கும் பட்டறைக்கு. உலகம் வியந்த ஜப்பானிய எலெக்ட்ரானிக்ஸ், பார்வை கூர்மையாக இருக்கிற வயதுப் பெண்களின் விரலில்தான் ஆரம்பித்தது. விடுதிச் சாப்பாடு போக மிச்சம் பிடித்து அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்ததைப் பாட்டி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவோமோரிக் குளிரில் கிணற்றுத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து அம்மாவின் விரலெல்லாம் வெடித்திருக்குமாம்.

ஒரு நாள் 1960 போராட்டத்தைப் பற்றிக் கேட்டேன். இளவரசியின் கல்யாண வண்டி, குதிரைகளின் நிறம் வரை அவருக்கு ஞாபகம் இருந்தது. போராட்டம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதில் செத்துப்போன மாணவியை மட்டும் தெரிந்திருந்தது. 'பல்கலைக்கழகத்துக்குப் போகிற பாக்கியம் கிடைத்த பெண் அங்கே போய் ஏன் நிற்க வேண்டும் என்று எனக்கு அப்போது கோபம்தான் வந்தது' என்றார்.

அந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றைய பிரதமர் கிஷி நோபுசுகே நம்பியிருந்தது அதைத்தான்.

கிஷியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர்க்காலப் பிரதமர் டோஜோவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சர். தோல்விக்குப் பிறகு ஏ பிரிவு போர்க் குற்றவாளி என்ற சந்தேகத்தில் சுகாமோ சிறையில் மூன்று வருடம். விசாரணை இல்லாமலே 1948இல் விடுதலை. 1957இல் பிரதமர். அந்த வருடம் மே மாதம் நேருவைப் பார்க்க டெல்லி வந்தார். இந்தியாவுக்கு வந்த முதல் ஜப்பானியப் பிரதமர் அவர்தான். 2022இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஷின்சோ அபே இவருடைய மகள் வயிற்றுப் பேரன். வலதுசாரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, எல்லோருக்கும் ஓய்வூதியம், குறைந்தபட்சக் கூலி ஆகியவற்றுக்கான சட்டங்கள் 1958, 59இல் இவர் ஆட்சியில்தான் வந்தன. 1961 முதல் ஜப்பானில் காப்பீடு இல்லாத குடிமகன் இருக்கக்கூடாது என்றானது.

ஆனால் அவர் மனசெல்லாம் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தைத் திருத்துவதில் இருந்தது. அமெரிக்க ராணுவத் தளங்கள் ஜப்பானில் தொடரும், பதிலுக்கு ஜப்பானைக் காக்கும் பொறுப்பை அமெரிக்கா எழுத்தில் ஏற்கும். பழைய ஒப்பந்தத்தைவிட இது மேல் என்றுகூட வாதிடலாம். எதிர்த்தவர்களுக்குப் பயம் வேறு: தளம் இருந்தால் அடுத்த போரில் குண்டு நம் தலையில்தான் விழும். 1960 மே 19 ராத்திரி, நாடாளுமன்றத்தில் வழிமறித்து உட்கார்ந்திருந்த சோசலிஸ்ட் உறுப்பினர்களைப் போலீஸைவிட்டுத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, நள்ளிரவு தாண்டி, தன் கட்சிக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு கிஷி ஒப்பந்தத்தை நிறைவேற்றினார். அதுவரை ஒப்பந்தம் பற்றிய சண்டை, அன்றிலிருந்து ஜனநாயகம் பற்றிய சண்டை ஆகிவிட்டது. போர்க்கால அமைச்சர் பழையபடி ஆரம்பித்துவிட்டார் என்று ஒப்பந்தத்தைப் பற்றி அக்கறை இல்லாதவர்களும் தெருவுக்கு வந்தார்கள்.

'எனக்குக் குரல் இல்லாதவர்களின் குரல் கேட்கிறது, பேஸ்பால் மைதானமும் சினிமா கொட்டகையும் நிரம்பித்தானே இருக்கின்றன' என்கிற பொருளில் கிஷி பேசினார். அதைக் கேட்ட கோபயாஷி டோமி என்ற ஓவிய ஆசிரியை, 'குரல் இல்லாதவர்களின் குரல், யார் வேண்டுமானாலும் சேரலாம்' என்று ஒரு பதாகை எழுதி ஜூன் 4 அன்று நண்பர் ஒருவரோடு நடக்க ஆரம்பித்தார். கடைக்குப் போனவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் சேர்ந்துகொள்ள, முடிவில் அது நூற்றுக்கணக்கானோர் ஊர்வலம். அதே நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் 56 லட்சம் பேர் என்பது சங்கங்கள் சொன்ன கணக்கு. ஜூன் 15 மாலை நாடாளுமன்ற வளாகத்துக்குள் போலீஸோடு நடந்த மோதலில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவி கான்பா மிச்சிகோ இறந்தார். வயது 22. மறுநாள் அமெரிக்க அதிபர் ஐசனோவரின் வருகை ரத்தானது. ஜூன் 18 ராத்திரி, ஏற்பாட்டாளர்கள் கணக்கில் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் நாடாளுமன்றத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்க, கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் ஒப்பந்தம் தானாக உறுதியானது. சில நாளில் கிஷி விலகுவதாக அறிவித்தார். ஒப்பந்தம் இன்றுவரை இருக்கிறது.

பேஸ்பால் பார்க்கப் போனவர்கள் யார், என் பக்கத்து வீட்டுப் பாட்டி எந்தப் பக்கம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவர்களைத் தன் பக்கம் பிடித்துக்கொள்ளப் போகிற கட்சிக்கு முப்பது வருடம் ஆட்சி.

அதே மாதங்களில் தெற்கே கியூஷு தீவில் இன்னொரு சண்டை. ஓமுட்டா ஊரில் மிட்சுயி கம்பெனியின் மீகே சுரங்கம். நாட்டிலேயே பலமான சங்கம் அங்கே இருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் பேராசிரியர் சகிசாகா இட்சுரோவிடம் மார்க்ஸ் பாடம் படித்தார்கள். நிலக்கரியைவிடக் கப்பலில் வரும் எண்ணெய் மலிவாகிக்கொண்டிருந்தது. 1959 டிசம்பரில் கம்பெனி 1,200க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் குறிப்பிட்டு வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பட்டியலில் சங்கத்தின் துடிப்பான ஆட்கள் சில நூறு பேர். சந்தை என்கிற சாக்கில் சங்கத்தின் முதுகெலும்பை எடுப்பதுதான் நோக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1960 ஜனவரியில் கதவடைப்பு, பதிலுக்குக் காலவரையற்ற வேலைநிறுத்தம். மார்ச்சில் சங்கம் உடைந்து போட்டிச் சங்கம் வேலைக்குத் திரும்பியது. கருங்காலி என்று ஒரு பக்கம், வறட்டுப் பிடிவாதம் என்று மறு பக்கம். ஒரே குடியிருப்பில், ஒரே குடும்பத்திலேயே பேச்சுவார்த்தை நின்றது. மார்ச் 29 அன்று மறியலில் நின்ற கூபோ கியோஷி என்ற தொழிலாளியை ரவுடிகள் குத்திக் கொன்றார்கள். ஜூலையில் 20,000 மறியல்காரர்களும் 10,000 போலீஸும் நேருக்கு நேர் நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் இகெடா ஹயாதோ பிரதமரானார், ஜூலை 19. இவரைவிடப் பொருத்தமில்லாத சமாதானத் தூதுவரைக் கற்பனை செய்வது கஷ்டம். 1950இல் நிதி அமைச்சராக இருந்தபோது, வருமானம் குறைந்தவர்கள் பார்லி சாப்பிடட்டும் என்கிற மாதிரிப் பேசிக் கெட்ட பெயர் வாங்கியவர். 1952இல், சிறு தொழில்காரர்கள் சிலர் நொடித்துத் தற்கொலை செய்துகொண்டாலும் என்ன செய்வது என்று பேசி, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அமைச்சர் பதவியை இழந்தவர். அந்த மனிதர் 1960இல் 'சகிப்பும் பொறுமையும்' என்று கோஷம் வைத்தார். மனம் மாறினாரா, தோற்றம் மாற்றினாரா என்று ஆராய்வதில் பிரயோஜனம் இல்லை. தெருவில் அத்தனை லட்சம் பேரைப் பார்த்த கட்சிக்கு வேறு வழி இருக்கவில்லை. அவருடைய புதிய அரசு முதலில் செய்தது மீகேயில் ரத்தக்களறியைத் தவிர்த்து மத்தியஸ்தத்துக்கு அனுப்பியதுதான். மத்தியஸ்தம் வேலைநீக்கத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்னது. சங்கம் தோற்றது. நவம்பர் 1 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது.

இடையில் அக்டோபர் 12. ஹிபியா மண்டபத்தில் கட்சித் தலைவர்கள் பேசும் கூட்டம். சோசலிஸ்ட் தலைவர் அசனுமா இனேஜிரோ பேசிக்கொண்டிருந்தபோது 17 வயது வலதுசாரிப் பையன் மேடையேறிக் குட்டை வாளால் குத்திவிட்டான். நாடே டிவியில் பார்த்தது. அந்தக் கணத்தைப் பிடித்த புகைப்படம் புலிட்சர் பரிசு வாங்கியது. அதே மேடையில் தன் முறைக்காகக் காத்திருந்தவர் இகெடா. நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய இரங்கல் உரை எதிர்க்கட்சி வரிசையையும் கலங்க வைத்தது. அழுக்கு உடையும் பழைய பையுமாக ஊர் ஊராகப் போய்ப் பேசிய மனிதர் என்று அசனுமாவைக் கொண்டாடினார். அடுத்த மாதத் தேர்தலில் 'நான் பொய் சொல்வதில்லை' என்று ஓட்டுக் கேட்டார். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் சம்பளத்தைப் பற்றியே பேசினார். 467 இடங்களில் 296. தெருவை நிறைத்த அதே வருடத்தில் ஜனங்கள் ஆளும் கட்சியை முன்பைவிடப் பலமாக உட்கார வைத்தார்கள்.

இடதுசாரி நண்பர்கள் இதைச் சொன்னால் 'விலைபோய்விட்டார்கள்' என்பார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. வெடித்த விரலோடு துணி துவைத்த அம்மாவுக்கு மெஷின் கிடைப்பது விலைபோவது இல்லை. இகெடா சொன்னது நடந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. திட்டத்தின் இலக்கு வருடத்துக்குச் சராசரியாக 7.2 சதவீத வளர்ச்சி. பத்து வருடத்துக்குப் போட்ட கணக்கு ஏழே வருடத்தில் முடிந்தது. இதில் நுட்பம் என்னவென்றால், கலகம் செய்யக்கூடிய ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பங்கு போனது. சங்கங்களுக்கு 'வசந்தப் போராட்டம்': 1955இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு வருடமும் எல்லாச் சங்கங்களும் ஒரே பருவத்தில் கோரிக்கை வைக்கும், ஒரு பெரிய கம்பெனியில் முடிவான உயர்வு மற்றவற்றுக்கும் பரவும். ஊர்வலம் உண்டு, கொடி உண்டு, நெற்றிப் பட்டை உண்டு. சுரங்கத்தை யார் நடத்துவது என்ற மீகே கேள்வி மட்டும் அதற்குள் வரக்கூடாது. விவசாயிக்கு நெல் கொள்முதல் விலை: 1960 முதல், உழைக்கும் விவசாயக் குடும்பத்தின் நேரத்துக்கு நகரக் கூலியை வைத்து விலை போட்டார்கள். கிராம ஓட்டு ஆளும் கட்சிக்கு உறுதியானது. ஆனால் கிராமத்து ஆண்கள் நகரத்துக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய விவசாயத்துக்குத் தாத்தா, பாட்டி, அம்மா மூவரும் பார்க்கும் விவசாயம் என்று 1963 வாக்கில் ஒரு கேலிப் பெயரே வந்துவிட்டது.

1964 ஒலிம்பிக் பற்றி நீங்களே நிறையப் படித்திருப்பீர்கள். அக்டோபர் 1 அன்று புல்லட் ரயில், டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு நான்கு மணி நேரம், உலக வங்கிக் கடன் 8 கோடி டாலர். அக்டோபர் 10 அன்று தீபம் ஏற்றியவர், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அன்று அந்த மாகாணத்தில் பிறந்த இளைஞர். தங்கம் வென்ற பெண்கள் வாலிபால் அணியில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பஞ்சாலையின் தொழிலாளிகள். விழா முடிந்த மறுநாள், தொண்டைப் புற்றுநோயில் இருந்த இகெடா விலகுவதாக அறிவித்தார்.

மீகேயில் ஆட்கள் குறைந்தார்கள், உற்பத்தி கூடியது. 1963 நவம்பர் 9 அன்று நிலக்கரித் தூசி வெடித்தது. 458 பேர் செத்தார்கள், 839 பேர் கார்பன் மோனாக்சைடு விஷத்தில் மூளை பாதித்துத் திரும்பினார்கள். கணவனுக்குத் தன் பிள்ளை பெயர் மறந்துபோன வீடுகளில் மனைவிகள் பல வருடம் வழக்கு நடத்தினார்கள்.

பேரத்துக்குக் கூப்பிடவே கூப்பிடாதவர்கள் மினமாட்டாவில் இருந்தார்கள். கியூஷுவின் மேற்குக் கரையில், ஓமுட்டாவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். பின்னாளில் சிஸ்ஸோ என்று பெயர் மாற்றிக்கொண்ட உரக் கம்பெனி அங்கே பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரித்தது. அதிலிருந்து ஆக்டனால், அதிலிருந்து வினைல் பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் பொருள். டாஞ்சி வீட்டு மேசை விரிப்பு, மழைக்கோட்டு, ஒயர் உறை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். நாட்டின் ஆக்டனாலில் பெரும்பகுதி இந்த ஆலையிலிருந்து போனது. கழிவுநீர் விரிகுடாவுக்குப் போனது. மீன் தின்ற பூனைகள் துள்ளித் துள்ளிக் கடலில் விழுந்து செத்தன. 1956 மே 1 அன்று, நடக்கவும் பேசவும் முடியாமல் போன சின்னப் பிள்ளைகளைப் பற்றி ஆலையின் மருத்துவமனையே சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தது.

மருத்துவமனைத் தலைவர் ஹொசோகாவா ஹஜிமே ஆலைக் கழிவைப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில், 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பெனி அந்த முடிவை அமுக்கியது. நவம்பரில் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அதற்கு ஊர் என்ன சொன்னது? மேயர், நகரசபை, வியாபாரிகள், தொழிற்சங்கத்தார் எல்லோரும் சேர்ந்து ஆளுநரிடம் போய்க் கழிவுநீரை நிறுத்திவிடாதீர்கள் என்று மனுக் கொடுத்தார்கள். கழிவுநீர் நின்றால் ஆலை நிற்கும், ஆலை நின்றால் ஊர் நிற்கும். சங்கத்தில் இருந்தவர்களுக்குச் சம்பளம் கூடிக்கொண்டிருந்தது. மீனவர்களுக்குத் தொழிற்சங்கமும் இல்லை, வசந்தப் போராட்டமும் இல்லை.

1959 டிசம்பர் 30 அன்று நோயாளிகளிடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். செத்தவருக்கு 3 லட்சம் யென், உயிரோடு இருக்கும் பெரியவருக்கு வருடம் 1 லட்சம், குழந்தைக்கு 30 ஆயிரம். அதற்கு நஷ்டஈடு என்றுகூடப் பெயர் வைக்கவில்லை, அனுதாபத் தொகை. ஆலைக் கழிவுதான் காரணம் என்று பின்னால் நிரூபணமானாலும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டோம் என்று ஒரு ஷரத்து. பூனை விஷயம் கம்பெனிக்குத் தெரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பத்திரம் அடுத்த ஒன்பது வருடத்துக்கு வாயை அடைத்தது. 1968 மே மாதம், தேவை தீர்ந்து அந்தப் பழைய முறை உற்பத்தியைக் கம்பெனி நிறுத்தியது. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 26 அன்று, நோய்க்கு ஆலைதான் காரணம் என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் ஆகஸ்டில் ஆலையின் பழைய சங்கம், இத்தனை வருடம் இந்த நோயோடு போராடாமல் இருந்ததற்கு மனிதர்களாக, தொழிலாளிகளாக வெட்கப்படுகிறோம் என்று தீர்மானம் போட்டது. 1962இல் ஊதியப் பிரச்சினையில் கம்பெனி அவர்களையும் கதவடைத்து, சங்கத்தை உடைத்து, போட்டிச் சங்கம் வைத்த பிறகுதான் மீனவர்களின் நிலைமை அவர்களுக்கு உறைத்தது. 1970இல் ஹொசோகாவா புற்றுநோய்ப் படுக்கையிலிருந்து நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். அந்த வருடக் கடைசியில் நாடாளுமன்றம் மாசுக்கு எதிராக 14 சட்டங்களை ஒரே தொடரில் நிறைவேற்றியது. ஆளும் கட்சி மறுபடியும் தெருவைப் பார்த்துப் பயந்திருந்தது.

1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ நீதிமன்றம் அந்த 1959 பத்திரம் செல்லாது என்றது. நோயாளிகளின் அறியாமையையும் வறுமையையும் பயன்படுத்தி எழுதி வாங்கியது என்று காரணம் சொன்னது. நோயாளி ஒருவருக்கு 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் யென் வரை தரச் சொன்னது. ஆனால் யார் நோயாளி என்பதை அரசுதான் சான்றளிக்க வேண்டும். சான்றிதழ் கிடைக்காதவர்கள் வழக்கு மேல் வழக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2023இல் ஒசாகா நீதிமன்றம் 128 பேருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2024 மே 1 அன்று, மினமாட்டாவில் நினைவு நாள் முடிந்து சுற்றுச்சூழல் அமைச்சர் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகளைச் சந்தித்தார். ஓர் அமைப்புக்கு மூன்று நிமிடம். நோயில் இறந்த மனைவியைப் பற்றி ஒரு முதியவர் பேசிக்கொண்டிருந்தபோது நேரம் தாண்டிவிட்டது என்று அமைச்சக ஊழியர்கள் மைக்கை அணைத்தார்கள். ஒரு வாரம் கழித்து அமைச்சர் மறுபடி அந்த ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.